அடுத்தவர் தவணைக்கு ஓடியவர்

1925 ஜூலை 3, வெள்ளிக்கிழமை. வட இத்தாலியின் தூரின் நகரத்தில் வசதியான ஒரு குடும்பத்தின் வீடு. இருபத்து நான்கு வயதுப் பொறியியல் மாணவர் ஒருவர் இளம்பிள்ளை வாதம் தாக்கிப் படுத்துக் கிடக்கிறார். கால் போய்விட்டது, கையும் போய்க்கொண்டிருக்கிறது. தங்கையைக் கூப்பிட்டுத் தன் கோட்டுப் பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்துவரச் சொல்கிறார். ஒன்று ஊசி மருந்துப் பெட்டி, இன்னொன்று அடகுச் சீட்டு. சொன்னபடி கேட்காத விரல்களால் நண்பர் ஒருவருக்குக் கோணல்மாணலாகச் சில வரிகள் எழுதுகிறார். ஊசி இன்ன நோயாளிக்குச் சேர வேண்டும், சீட்டு இன்னாருடையது, புதுப்பிக்க மறந்துவிட்டேன், செலவை என் கணக்கில் போட்டுக்கொள் என்பதுதான் சேதி. மறுநாள் மாலை உயிர் பிரிந்தது.

அந்த இளைஞரின் பெயர் பியர் ஜோர்ஜோ பிரசாத்தி. 2025 செப்டம்பர் 7 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பதினான்காம் லியோ இவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அதே திருப்பலியில் பதினைந்து வயதில் இறந்த கார்லோ அகுதிசுக்கும் பட்டம் கிடைத்தது. கணினியும் காற்சட்டையுமாக நம் காலத்துப் பையன் ஒருவன் பீடம் ஏறுகிறான் என்றால் கேமராக்கள் அவன் பக்கம் திரும்பத்தான் செய்யும். நூறு வருடத்துக்கு முன் செத்துப்போன பணக்கார வீட்டுப் பிள்ளையைப் பற்றி நாலு வரி போட்டுவிட்டுப் பல ஊடகங்கள் நகர்ந்துவிட்டன. எனக்கென்னவோ, கவனிக்க வேண்டிய விஷயம் அந்த அடகுச் சீட்டில்தான் இருக்கிறது என்று படுகிறது.

அடகு வைத்துப் பழகிய வீடுகளுக்குச் சீட்டைப் பற்றி விளக்கம் தேவையில்லை. தேதிக்குள் வட்டி கட்டிப் புதுப்பிக்காவிட்டால் பொருள் மூழ்கிவிடும், ஏலத்துக்குப் போய்விடும். இத்தாலியில் ஏழைகளுக்கான அடகு நிலையங்களுக்கே ஒரு கிறிஸ்தவப் பூர்வீகம் உண்டு. கந்துவட்டியில் சிக்கிய ஏழைகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்க வேண்டும் என்று பதினைந்தாம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து தொடங்கிவைத்தவை அவை. தூரினிலும் 1579-இல் அப்படி ஒன்று வந்தது. நகை இல்லாதவர்கள் அங்கே படுக்கை விரிப்பையும் குளிர் உடுப்பையும்கூடக் கொண்டுபோய் வைப்பார்கள். வெயில் காலத்தில் கோட்டை வைத்துவிட்டுப் பனி இறங்குவதற்குள் மீட்டாக வேண்டும். தவணை தவறினால் குளிர்காலம் கோட்டு இல்லாமல் கழியும்.

சாகக் கிடக்கிறவருக்கு அடுத்தவருடைய தவணைத் தேதி ஞாபகம் வருகிறது. மனம் இளகிப் பர்சைத் திறப்பது ஒரு நிமிட வேலை, யாருக்கும் எப்போதாவது அது வாய்க்கும். இன்னொருவர் வீட்டு ஊசி எந்தக் கிழமை, வாடகை எந்தத் தேதி, சீட்டு எந்த மாதம் என்று தன் தலையில் ஏற்றிக்கொண்டு திரிவது வேறு ஜாதி வேலை. பிரசாத்தியின் புனிதம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் நடந்திருக்கிறது.

தூரின் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு டான் போஸ்கோ நினைவுக்கு வருவார். அவர் தொடங்கிய சலேசிய சபைக் குருக்கள் 1906-இல் அங்கிருந்து தஞ்சாவூருக்கு வந்து இறங்கினார்கள்; எழும்பூரிலும் திருப்பத்தூரிலும் அவர்கள் பள்ளிகளில் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பிரசாத்தி பிறந்த 1901-இல் அதே தூரின் தொழில் நகரமாக மாறிக்கொண்டிருந்தது. ஃபியட் மோட்டார் கம்பெனி தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் கிடைத்த மூலையில் ஒண்டிக்கொண்டார்கள். அந்த ஊர்ப் பழைய கட்டடங்களில் கீழ்மாடிகளில் கனவான்கள் இருப்பார்கள், ஓட்டுக்கு அடியில் கூனிக்கொண்டு நிற்கும் உயரத்தில் பரண் அறைகளில் ஏழைகள் இருப்பார்கள். கோடையில் தகிக்கும், குளிர்காலத்தில் உறையும். தண்ணீரையும் விறகையும் படிப்படியாகத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

அப்பா அல்ஃப்ரேதோ பிரசாத்தி 'லா ஸ்தாம்பா' நாளிதழின் அதிபர், செனட்டர், பிற்பாடு ஜெர்மனிக்கு இத்தாலியின் தூதர். கடவுள் நம்பிக்கை அவருக்குக் கிடையாது. அம்மா ஓவியர், கோவிலுக்குப் போகிற அளவுக்குப் பக்தி உண்டு. கணவன் மனைவிக்குள் ஒத்துப்போகவில்லை, வீட்டில் எப்போதும் ஒரு இறுக்கம். பிள்ளைகளைக் கண்டிப்பாக வளர்த்தார்கள், கைச்செலவுக்கு அளந்துதான் கொடுத்தார்கள். மகன் லத்தீன் பரீட்சையில் தோற்று, இயேசு சபையினர் நடத்திய பள்ளிக்கு மாற்றப்பட்டான். வீட்டைப் பொறுத்தவரை கொஞ்சம் மந்தமான பையன், நல்லவன்தான், ஆனால் எதற்கு ஆவான் என்று தெரியவில்லை. இந்த எடை கடைசிவரை மாறவில்லை.

சிறுவயதுக் கதைகள் எல்லாப் புனிதர்களுக்கும் உண்டு. கால் செருப்பில்லாத பிள்ளையோடு வாசலுக்கு வந்த தாய்க்குத் தன் காலணியைக் கழற்றிக் கொடுத்தான் என்று இவரைப் பற்றியும் சொல்வார்கள். நடந்திருக்கலாம். பல பிள்ளைகள் அப்படிக் கொடுத்திருக்கிறார்கள், வளர்ந்து வியாபாரத்தில் இறங்கியதும் மறந்தும் இருக்கிறார்கள். இவர் மறக்காமல் போனதற்குக் காரணம் 1918-இல் சேர்ந்த ஓர் அமைப்பு. புனித வின்சென்ட் தே பவுல் சபை.

அந்தச் சபையைப் பற்றிச் சொல்லாமல் பிரசாத்தியைப் புரிந்துகொள்ள முடியாது. 1833 ஏப்ரல் 23, பாரீஸ். சட்டம் படித்துக்கொண்டிருந்த பிரெடரிக் ஓசானாமுக்கு அன்று இருபது வயது நிறைந்தது. கிறிஸ்தவம் ஒருகாலத்தில் பெரிய காரியம் செய்திருக்கலாம், இன்றைக்கு ஏழைகளுக்காக என்ன செய்கிறீர்கள் என்று விவாத மேடையில் மாற்றுக் கருத்துக்காரர் கேட்ட கேள்வி அவரைக் குத்திவிட்டது. சில மாணவர்கள், அவர்களைவிட மூத்த எம்மானுவேல் பாய் என்ற பத்திரிகையாளர், இவ்வளவு பேரோடு சபை தொடங்கிற்று. ஆர்வம் இருந்ததே தவிர, ஏழை வீட்டுக்குள் எப்படி நுழைவது, நுழைந்து என்ன பேசுவது என்று மாணவர்களுக்குத் தெரியவில்லை. சொல்லிக்கொடுத்தவர் ரோசலி ரெந்து என்ற அருள்சகோதரி. மூஃப்தார் என்ற சேரிப் பகுதியில் ஐம்பது வருடம் உழைத்தவர். எந்தெந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டும் என்று பட்டியல் கொடுத்தார், ரொட்டிக்கும் விறகுக்கும் சீட்டுக் கொடுத்தார், உட்கார்ந்து பொறுமையாகக் காது கொடுக்கச் சொன்னார்.

சபையின் நடைமுறை அன்றைக்கு வகுத்த தடத்திலேயே இன்றுவரை போகிறது. ஏழையைக் கோவில் வாசலுக்குக் கூப்பிடக்கூடாது, நாம் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். தனியாகப் போகக்கூடாது, இரண்டு பேராகப் போக வேண்டும். வாரம் ஒருமுறை கூடி யாருக்கு என்ன தேவை என்று பேச வேண்டும். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும், யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. இதில் உணர்ச்சிக்கு அதிக வேலை இல்லை, ஒழுங்குக்குத்தான் வேலை. மனம் கசிகிற அன்று போவது, வறண்டு கிடக்கிற அன்று விட்டுவிடுவது என்கிற சௌகரியம் கிடையாது. வாரம் பிறந்தால் படியேற வேண்டும்.

பிரசாத்தி படியேறினார். கையில் பொட்டலங்களோடு, கல்லூரி முடிந்த மாலைகளில், வீட்டில் யாருக்கும் சொல்லாமல். கொடுக்கத் தன்னிடம் அதிகம் இல்லாததால் டிராம் காசைக் கொடுத்துவிட்டு ஓட்டமாக வீடு திரும்புவார். சாப்பாட்டு மேசைக்கு நேரத்தோடு வராவிட்டால் அந்த வீட்டில் குற்றம், திட்டு விழும். ரயிலில் மூன்றாம் வகுப்பில்தான் போவார். அதற்குக் கீழே ஒரு வகுப்பு இல்லாததுதான் காரணம் என்று சிரித்துச் சமாளித்ததாகச் சொல்வார்கள். வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறுகிற குடும்பங்களின் கட்டிலையும் பாத்திரத்தையும் கைவண்டியில் ஏற்றி, செனட்டர் மகன் நடுத்தெருவில் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்த நண்பர்கள் 'பிரசாத்தி டிரான்ஸ்போர்ட் கம்பெனி' என்று கேலி செய்தார்கள். பெர்லினில் அப்பா தூதராக இருந்தபோது கடுங்குளிரில் ஒரு முதியவருக்குத் தன் மேல்கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அப்பா சத்தம் போட, குளிராக இருந்ததே அப்பா என்கிற அளவில் பதில் சொல்லிவிட்டு நின்றாராம். அவருக்கு அது வாதமாகவே படவில்லை போலிருக்கிறது.

ஜெர்மனியில் இருந்த நாட்களில் ஃப்ரைபர்க் நகரத்தில் ராஹ்னர் குடும்பத்தாரோடு கொஞ்ச காலம் தங்கினார். அந்த வீட்டுப் பிள்ளைதான் பிற்காலத்தில் இருபதாம் நூற்றாண்டின் பெரிய இறையியலாளர்களில் ஒருவரான கார்ல் ராஹ்னர். தடிதடியாக இறையியல் எழுதிய அவர், தன் வீட்டுக்கு வந்த இந்தச் சிரிப்புக்காரப் பையனைப் பற்றி முதிய வயதிலும் எழுதினார். குருவாகப் போகலாமே என்று அந்த வீட்டு அம்மா கேட்டதற்கு, பொதுநிலையினராக இருந்தால்தான் மக்களோடு இன்னும் நெருங்கி இருக்கலாம் என்றாராம். குமரி மண்ணின் தேவசகாயத்துக்கு 2022-இல் புனிதர் பட்டம் கிடைத்தபோது நம் பங்குகளில் பலர் மகிழ்ந்ததற்கும் இதே காரணம் உண்டு: அங்கி போடாதவர்களுக்கும் பீடத்தில் இடம் இருக்கிறது.

ஆளைப் பார்த்தால் பக்திமான் என்று சொல்ல முடியாது. பைப் புகைப்பார், சுருட்டும் பிடிப்பார். குரல் தாராளம், ராகம்தான் வராது, ஆனாலும் பாடுவார். மலையேற்றப் பைத்தியம், ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு. ஆணும் பெண்ணுமாக நண்பர்கள் சேர்ந்து ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள், பெயரே 'போக்கிரிகள் கழகம்' என்கிற பாணியில் இருக்கும். அதில் இவருக்குப் பட்டப்பெயர், பிரெஞ்சுப் புரட்சிக்காரர் ரோபஸ்பியருடையது. பில்லியர்ட்ஸில் பந்தயம் கட்டுவார், இவர் தோற்றால் காசு, இவர் ஜெயித்தால் தோற்றவர் கோவிலுக்கு வந்து நற்கருணை முன் கொஞ்ச நேரம் முழங்காலிட வேண்டும். இன்றைக்கு இவர் பெயரில் இயங்கும் இளைஞர் குழுக்கள் பெரும்பாலும் மலைப் படத்தைத்தான் போடுகின்றன. கடைசி மலையேற்றப் புகைப்படம் ஒன்றில் அவர் தன் கையால் எழுதிய இரண்டு இத்தாலியச் சொற்கள் பனியனிலும் காப்பிக் கோப்பையிலும் அச்சாகி விற்கின்றன. மலை அழகாக அச்சாகும். பரண் வீட்டுப் படிக்கட்டை யார் பனியனில் போடுவார்கள்?

எல்லாம் சரி, இதில் புனிதம் எங்கே வருகிறது, நல்ல மனசு என்றால் போதாதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நல்ல மனசுக்காரர்கள் எல்லா மதத்திலும் மதம் இல்லாத இடத்திலும் இருக்கிறார்கள், அவர்களில் பலர் பிரசாத்தியைவிட அதிகம் கொடுத்திருப்பார்கள். அவருடைய கணக்கு வேறாக இருந்தது. தினமும் காலையில் நற்கருணை வாங்கினார், அதற்காக வீட்டில் யாரும் எழுவதற்கு முன் எழுந்தார். 1922-இல் தொமினிக்கன் மூன்றாம் சபையில் சேர்ந்து, சவனரோலா என்ற பழைய தொமினிக்கன் துறவியின் நினைவாக ஜிரோலமோ என்று பெயர் வைத்துக்கொண்டார். காலையில் இயேசு என் வீட்டுக்கு வருகிறார், மாலையில் நான் பதிலுக்கு அவர் வீட்டுக்குப் போகிறேன் என்கிற கருத்தில் அவர் நண்பரிடம் சொன்னதுண்டு. நம் ஊரில் வீட்டுக்கு வந்தவரைத் திரும்பப் போய்ப் பார்க்காவிட்டால் உறவு அறுந்துவிடும், அப்படிப்பட்ட கட்டாயம்தான் இது. மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில் பசித்தவர், நோயாளி, சிறைப்பட்டவர் என்று வரிசை போட்டு, அவர்களுக்குச் செய்தது எனக்கே செய்தது என்று இயேசு சொல்வதைப் பிரசங்கத்தில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பிரசாத்தி அதை விலாசமாக எடுத்துக்கொண்டார்.

இதனால் ஒரு நடைமுறை லாபமும் உண்டு. கொடுப்பவருக்கு வருகிற பெரிய வியாதி பெருமை. நான் கொடுத்தேன், அவன் வாங்கினான், நன்றி சொல்லவில்லை, திரும்ப வந்து கேட்கிறான், குடித்துத் தொலைத்துவிட்டான் என்று மனது ஒரு பேரேடு எழுதிக்கொண்டே இருக்கும். எதிரில் இருப்பவர் கடன்காரர் இல்லை, தான்தான் அவருக்குக் கடன்பட்டவன் என்று நம்புகிறவனுக்கு அந்தப் பேரேடு தேவைப்படாது. நாற்றமும் ஈரமும் நோயும் கலந்த அறைகளில் எப்படி உட்கார முடிகிறது என்று கேட்ட நண்பர்களிடம், அங்கே நம்மிடம் இல்லாத ஒரு வெளிச்சம் இருக்கிறது என்ற பொருளில் பேசினாராம். கேட்டவர்களுக்கு அது கவிதையாகப் பட்டிருக்கும். வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தால் அவருக்கு அது அனுபவம் என்று தோன்றுகிறது.

இங்கே இடதுசாரி நண்பர்கள் ஒரு ஆட்சேபம் வைப்பார்கள். பொட்டலம் கொடுப்பதால் பரண் வீடு மாறுமா, வறுமையை உண்டாக்குகிற அமைப்பைத் தொடாத தர்மம் பணக்காரர்களின் மனச்சாட்சிக்கு மருந்து போடுவதுதானே? இதற்குப் பிரசாத்தியின் வாழ்க்கையே பதில் வைத்திருக்கிறது. 1920-இல் தூரின் தொழிற்சாலைகளைத் தொழிலாளர்கள் கைப்பற்றி உட்கார்ந்த வருடம், இவர் டான் ஸ்துர்சோ என்ற குரு தொடங்கிய மக்கள் கட்சியில் சேர்ந்தார். பொறியியலில் சுரங்கத் துறையை எடுத்ததற்குக் காரணம், தொழிலாளர்களிலேயே அதிகம் நசுக்கப்படுகிறவர்கள் சுரங்கத்தில் இருக்கிறார்கள், அவர்களோடு வேலை செய்ய வேண்டும் என்பது. 1921-இல் ரோமில் கத்தோலிக்க இளைஞர் ஊர்வலத்தின் மேல் போலீஸ் பாய்ந்தபோது கொடியை விடாமல் பிடித்துக்கொண்டு மற்றவர்களோடு பிடிபட்டார். தூதர் மகன் என்று தெரிந்து விடப் பார்த்தார்கள், மற்றவர்களையும் விட்டால்தான் போவேன் என்று நின்றார். முசோலினி தூரினுக்கு வந்தபோது தன் மாணவர் சங்கம் மாடத்தில் கொடி கட்டி மரியாதை செய்ததற்காகக் கோபித்துச் சங்கத்திலிருந்து விலகினார். 1924 ஜூனில் பாசிஸ்டு அடியாட்கள் வீட்டுக்குள் புகுந்து கண்ணாடிகளை உடைத்தபோது கைகலந்து விரட்டியதும் இவர்தான். சாப்பாட்டு வேளை, அம்மாவும் உடன் இருந்தார்.

ஆக, அமைப்பு மாற வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. அது மாறுகிறவரை நாலாவது மாடிக் கிழவிக்கு ஊசி போட வேண்டும் என்பதிலும் குழப்பம் இல்லை. சட்டம் வரட்டும் என்று ஊசியைத் தள்ளிவைக்க முடியாது. ஊசி போடுகிறோமே, அது போதாதா என்று சட்டத்தை விட்டுவிடவும் முடியாது. இவை இரண்டும் எதிரெதிர் என்று வாதாடுபவர்களில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைக்கூடச் செய்யாதவர்கள் என்பது என் அபிப்பிராயம். திருத்தந்தை லியோ 2025 அக்டோபரில் வெளியிட்ட முதல் அறிவுரை மடல் ஏழைகள்மேல் கொள்ளும் அன்பைப் பற்றியது. அதன் கடைசிப் பகுதி, தர்மம் கொடுப்பதை இந்தக் காலம் இளக்காரமாகப் பார்க்கிறது என்று வருந்தி, நீதிக்கான உழைப்போடு அதுவும் கைவிடப்படக்கூடாது என்று வற்புறுத்துகிறது.

1925 கோடையில் இன்னும் இரண்டு பரீட்சை எழுதினால் பட்டம். அதற்குள் அப்பா வேறு முடிவு செய்துவிட்டார். மகன் சுரங்கத்துக்குப் போக வேண்டாம், 'லா ஸ்தாம்பா' அலுவலகத்தில் நிர்வாகம் பார்க்கட்டும். நேரில் சொல்லாமல் இன்னொருவர் மூலம் சொல்லியனுப்பினார். அப்பாவுக்கு அதுதான் சந்தோஷம் என்றால் சரி என்று மகன் ஒப்புக்கொண்டார். வீட்டு அமைதிக்காக அதற்கு முன்பும் ஒரு பெண்மேல் கொண்ட பிரியத்தை வாய்திறந்து சொல்லாமலே அடக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பகுதியை அவருடைய வரலாற்றில் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. வெளியே அத்தனை பேருக்கு உரிமைக் குரல் கொடுத்தவர் வீட்டுக்குள் இவ்வளவு பணிந்து போயிருக்க வேண்டுமா? தியாகம் என்று இதைக் கொண்டாடுபவர்கள் உண்டு, எனக்கு முழு உடன்பாடு இல்லை.

ஜூன் கடைசியில் தலைவலி, முதுகுவலி என்று ஆரம்பித்தது. அதே நாட்களில் பாட்டி மரணப் படுக்கையில் இருந்தார், பிறகு இறந்தார். வீடு முழுக்கப் பாட்டி பக்கம் இருந்தது. இவர் நிற்க முடியாமல் விழுந்து விழுந்து எழுந்ததை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பாட்டி சாகிற நேரத்தில் உதவாமல் படுத்துக்கிடக்கிறானே என்று அம்மா கடிந்துகொண்டார். மருத்துவர் வந்து பெயர் சொன்னபோது காலம் கடந்திருந்தது. அவர் போய்ப் பார்த்த நோயாளிகளில் யாரிடமிருந்தோதான் தொற்றியிருக்க வேண்டும் என்று பொதுவாக நம்பப்படுகிறது.

இறுதிச் சடங்குக்கு நகரத்துப் பெரிய மனிதர்கள் வருவார்கள் என்று குடும்பம் எதிர்பார்த்தது. வந்தார்கள். ஆனால் தெருவை நிறைத்தது வேறு கூட்டம். பரண் வீடுகளிலிருந்து இறங்கி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இரண்டு பக்கமும் நின்றார்கள். யார் இவர்கள், எப்படித் தெரியும் என்று பெற்றோருக்கு விளங்கவில்லை. அந்தப் பக்கத்திலும் அதே திகைப்பு: தங்கள் படியேறி வந்த பையன் செனட்டர் பிரசாத்தியின் மகன் என்பது பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரே ஆளைப் பற்றி இரண்டு உலகம், ஒன்றுக்கொன்று ஒட்டில்லாமல். தங்கை லூசியானா அந்த இரண்டாம் உலகத்தைத் துருவித் துருவித் திரட்டுவதில் வாழ்நாளைச் செலவிட்டார். 105 வயது வரை வாழ்ந்து 2007-இல் இறந்தார். அவர் எழுதாமல் போயிருந்தால் அடகுச் சீட்டு நமக்கு எட்டியிருக்காது.

பட்டம் கிடைக்க இவ்வளவு காலம் ஆனதற்கும் ஒரு காரணம் உண்டு. 1932-இலேயே தொடங்கிய விசாரணை, பெண்களும் ஆண்களுமாக மலைக்குப் போனார்களே, அங்கே என்ன நடந்ததோ என்று யாரோ கிளப்பிவிட்ட வம்பால் பல வருடம் கிடப்பில் கிடந்தது. ஊர் வாய் எந்த நாட்டிலும் ஒன்றுதான். பிற்பாடு அது பொய் என்று தெளிந்து, 1990 மே 20 அன்று இரண்டாம் யோவான் பவுல் அருளாளர் பட்டம் கொடுத்தார். புனிதர் பட்டத்துக்கு ஏற்கப்பட்ட புதுமையும் அவருக்கு ஏற்றாற்போல் அடக்கமானது: லாஸ் ஏஞ்சலிஸ் குருமாணவர் ஒருவர் கூடைப்பந்து ஆடிக் குதிகால் நாணைக் கிழித்துக்கொள்ள, நவநாள் செபத்துக்குப் பிறகு அது குணமானது. கடல் பிளக்கவில்லை, கணுக்கால் சரியாயிற்று.

திருத்தந்தை பிரான்சிஸ் 2018-இல் எழுதிய மடல் ஒன்றில், அடுத்த வீட்டில் குடியிருக்கும் புனிதர்களைப் பற்றிப் பேசினார். உதாரணத்துக்குக் கடைக்குப் போகும் ஒரு பெண். வழியில் தெரிந்தவள் வம்பு பேச ஆரம்பிக்கிறாள், இவள் வாயைத் திறப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் பிள்ளை பேச வருகிறது, களைப்போடும் உட்கார்ந்து கேட்கிறாள். கவலை வருகிறது, செபமாலையை எடுக்கிறாள். திரும்ப வெளியே போகையில் ஒரு ஏழையைப் பார்த்து நின்று பேசுகிறாள். மடலில் அவர் சொன்ன புனிதப் படிகள் இவ்வளவுதான். நாள் முழுக்க இப்படி இருந்து பார்த்தவர்களுக்குத்தான் எவ்வளவு கடினம் என்று தெரியும், முதல் படியிலேயே பலர் வழுக்கிவிடுவோம்.

பிரசாத்தி சேர்ந்த அதே வின்சென்ட் தே பவுல் சபை தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பங்குக்குப் பங்கு இருக்கிறது. பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், ரயில்வேக்காரர்கள், சில அம்மாக்கள். இளைஞர்கள் குறைவு. ஞாயிறு திருப்பலி முடிந்து மறைக்கல்வி வகுப்பறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார்கள். தவக்காலத்தில் அரிசி மூட்டை கொடுக்கும் விழாவுக்கு ஃபிளெக்ஸ் பேனர் கட்டி, வாங்குகிற கிழவியை நிமிரச் சொல்லிப் படம் பிடிக்கும் கூத்து நம் பங்குகளில் பெருகிவிட்டது. இடது கை அறியாமல் கொடுக்கச் சொன்ன வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சபையின் வாராந்தரக் கூட்டத்துக்குப் பேனர் கிடையாது. செபம் சொல்வார்கள், போன வார அறிக்கை வாசிப்பார்கள், பை சுற்றி வரும். பிறகு குடும்பம் குடும்பமாகப் பேச்சு தொடங்கும்.

அங்கே பேசுவதெல்லாம் தேதிகள்தான். ஒரு வீட்டில் சர்க்கரை மாத்திரை புதன்கிழமையோடு தீர்கிறது. ஒரு பையனுக்குப் பாலிடெக்னிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வருகிறது. முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுத்த பாட்டிக்குப் பணம் வரவில்லை, வங்கிக் கணக்கில் ஆதார் சேர்ந்ததா என்று யாராவது கூடப்போய்ப் பார்க்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாத ஒருவருக்கு அறுவை சிகிச்சை குறித்தாகிவிட்டது. அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும், அதற்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க வேண்டும், அவர் என்றைக்கு இருப்பார் என்று யாருக்கும் நிச்சயமில்லை. பெரியாஸ்பத்திரிக்கு ஒருவரைக் காலை ஆறரைக்குள் கொண்டுபோய்ச் சீட்டு எடுக்க வேண்டும், ஆட்டோவுக்குப் பணம் இருக்கிறது, கூட உட்கார ஆள் இல்லை. எல்லாம் சொல்லி முடித்ததும் செயலாளர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, யார் யார் எந்த வீட்டுக்கு என்று பெயர் கேட்கிறார். ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டும் என்கிற இடத்தில் கொஞ்சம் தாமதமாகிறது. சர்க்கரை மாத்திரைக்குக் கை தூக்கிய ரயில்வேக்காரரே அதையும் தன் பெயரில் எழுதிக்கொள்ளச் சொல்கிறார்.